ஆலாக்கள் போகாத கடல்

“கடலயே பாக்காதவ, கடல் குருவி எங்க போவுதுன்னு கண்டுபுடிக்கப் போறாளாமா?”

அப்பாவின் அக்காதான் அப்படிக் கேட்டாள். தெருக்குழாயில் குடத்தை நேராக வைத்துவிட்டு, என் காதில் விழட்டும் என்றே சொன்னாள். “நம்ம ஏரியில அவ்ளோ கொக்கு கெடக்குது. அது எங்க போவுதுன்னு மொதல்ல சொல்லட்டும்.” வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் கழுத்தில் புதிதாகக் கிடைத்த அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் பிடிக்க அடையாள அட்டை தேவையில்லை என்பது எனக்கும் தெரியும்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. அதுவரை நான் கடலை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். கல்லூரிச் சுற்றுலாவில், புதுச்சேரியில், பேருந்து கிளம்பிவிடுமோ என்ற அவசரத்தில். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது. வீட்டு மாடியில் நின்றால் மரவள்ளிக் காடுகளுக்கு அப்பால் கல்வராயன் மலை தாழ்ந்த ஒரு கோடாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கிடைத்த வேலைக்குப் போவார். அம்மா களை எடுக்கவும் மரவள்ளி பிடுங்கவும் போவாள். இருவருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதை யாரிடமும் சொல்ல நான் தயங்கியதில்லை. தேவைக்கு மேலேயே சொல்லியிருக்கிறேன்.

விலங்கியலில் இரண்டாவது பட்டம் வாங்கிய வருடம், கடல் பறவைகளைப் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தேன். தெற்கே கடலுக்குள் சில மணல் திட்டுகள் இருக்கின்றன. கோடையில் அங்கே ஆலாக்கள் முட்டையிடும். கையில் அடங்கும் உடம்பு, நீண்ட சிறகு, கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு மேலே புருவம்போல ஒரு வெள்ளைக் கோடு. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் எல்லாம் ஒரு வாரத்துக்குள் போய்விடும். அடுத்த கோடையில்தான் திரும்ப வரும். நடுவில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அவை எந்தக் கடலில் இருக்கின்றன, என்ன செய்கின்றன என்பது கரையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் திட்டம்.

அதற்கான கருவியை நாங்கள் லாகர் என்போம். புளியங்கொட்டையில் பாதி இருக்கும். பறவையின் கால் வளையத்தில் கட்டிவிட்டால், அது வெளிச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டே இருக்கும். எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது. பகல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் பறவை வடக்கே எவ்வளவு தூரத்தில், தெற்கே எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்குப் போடலாம். உச்சிப்பொழுது எப்போது என்று தெரிந்தால் கிழக்கு மேற்கு தெரியும். கால் உப்புத் தண்ணீரில் நனைந்தால் அதையும் குறிக்கும். ஆனால் எதையும் எங்கேயும் அனுப்பாது. அடுத்த வருடம் அதே பறவை உயிரோடு அதே திட்டுக்கு வந்து, நாம் அதை மறுபடி பிடித்துக் கழற்றினால்தான் உண்டு. பங்குனியிலும் புரட்டாசியிலும் உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அந்த நாட்களில் வடக்கும் தெற்கும் கணக்குக்கு அகப்படாது. வரைபடத்தில் பறவை காணாமல் போய்விடும். 

பறவைகளுக்குக் கட்டுவதற்கு முன்னால் லாகர்களை, இடம் தெரிந்த ஓர் இடத்தில், திறந்த வானத்தின் கீழே இரண்டு வாரம் வைக்க வேண்டும். நம் கண்ணுக்கு இருட்டு வேறு, கருவிக்கு இருட்டு வேறு. சூரியன் எவ்வளவு இறங்கிய பிறகு கருவி இருட்டு என்று சொல்கிறது என்பதை அங்கேதான் அளந்துகொள்வோம். கடற்கரையில் நாங்கள் தங்கிய வீட்டைச் சுற்றிப் படகுத்துறை விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். “வெளக்கே இல்லாத எடமா வேணும்,” என்றார் திட்டத்தின் தலைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

“எங்க வீட்டு மாடி இருக்கு மேடம்,” என்றேன். அரசுத் திட்டத்தில் கட்டிய ஓர் அறை வீடு அது. ஆனால் மேலே கான்கிரீட் போட்ட மாடி.

“மலை மறைக்காதே?”

“தூரத்துல கோடு மாதிரிதான் மேடம் தெரியும்.”

ஒரு பலகையில் லாகர்களை வரிசையாக ஒட்டி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். வைகாசி வெயில். மாடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா மேலே ஏறி வந்தாள்.

“இன்னாடி இது, வடகம் மாதிரி வரிசயா வச்சிருக்க?”

“லாகர்மா. இதுமேல வெளிச்சம் படணும். ரெண்டு வாரம் இருக்கட்டும். ஒன்னே ஒன்னு காணாப் போனாலும் என் வேல போயிடும், ஆமா. பத்திரமாப் பாத்துக்க.”

வேலை போகும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் எவ்வளவு பெரிய பொருளுக்குப் பொறுப்பு என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அம்மாவின் முகம் சிறுத்துப் போனது. ஏதோ கேட்டாள். எனக்குச் சென்னையில் ஒரு பயிற்சி இருந்தது. கீழே பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. “அதெல்லாம் சொன்னா உனக்கு வெளங்காதுமா,” என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

பதினைந்தாம் நாள் மதியம் திரும்பி வந்தபோது பலகை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஒன்றும் குறையவில்லை.

அலுவலகத்தில் லாகர்களைக் கணிப்பொறியில் இணைத்தேன். சூரியன் எவ்வளவு இறங்கினால் கருவிக்கு இருட்டு என்று மென்பொருள் ஓர் எண்ணைக் கொடுத்தது. எழுதிக்கொண்டேன். “ஒவ்வொரு கோட்டையும் பாத்தியாம்மா?” என்று மேடம் கேட்டார். தினமும் வெளிச்சம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடுகளைச் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தேன்; அது எப்படி இருந்தால் சரி என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் நகரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். கேட்டால், இவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். “பாத்துட்டேன் மேடம்,” என்றேன்.

மணல் திட்டுக்குப் படகில் போன முதல் நாள் இரண்டு கையாலும் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்தேன். கரை கண்ணுக்கு மறைந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் பறவையைக் கையில் வாங்கியபோது வந்த பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. பறவையின் நெஞ்சு அசைய இடம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் மூச்சு நின்றுவிடும். தளர்த்தினால் சிறகு மடங்கி முறியும். அதன் இதயம் என் விரல்களில் எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. நான் அதைவிட அதிகமாகப் பயந்திருந்தேன் என்பதை அது அறிந்திருக்காது. ஒவ்வொன்றின் காலிலும் வளையத்தை மாட்டிவிட்டு, கையை விரித்து, அது மேலே எழும்பும்வரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

பிறகு ஒரு வருடக் காத்திருப்பு. ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் கைப்பேசியில் காற்றின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சுழலுக்குள் எங்காவது என் விரல் பட்ட ஒரு பறவை இருக்குமோ என்று தோன்றும். லாகரின் கனம் அதைக் கொன்றிருக்குமோ என்றும் தோன்றும்.

மறு கோடையில் ஐந்து பறவைகளை மறுபடி பிடித்தோம். ஐந்தின் கருவிகளும் நன்றாக இருந்தன.

வரைபடத்தில் புள்ளிகள் விழுந்த அன்று மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மார்கழி, தை மாதப் புள்ளிகள் எல்லாம் பூமத்திய ரேகையைத் தாண்டி வெகு தெற்கே, தீவுகூட இல்லாத நடுக்கடலில் கிடந்தன. இவ்வளவு சின்னப் பறவை அவ்வளவு தூரம் போகும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. உப்புத் தண்ணீர்க் குறிப்பு இன்னொன்று சொன்னது. ஒன்பது மாதமும் கடல்மேல் இருந்த பறவைகளின் கால்கள் மிகக் கொஞ்ச நேரம்தான் நனைந்திருந்தன. மிதக்கும் கட்டைகளிலும் குப்பைகளிலும்தான் உட்கார்ந்து இளைப்பாறியிருக்க வேண்டும்.

“கூட்டத்துல நீயே பேசும்மா,” என்றார் மேடம். “அளந்தது நீ, புடிச்சது நீ.” வேறு ஊர்களிலிருந்து ஆய்வாளர்கள் வரும் கூட்டம் அது. அடுத்த குளிர்காலத்தில் ஒரு கப்பலில் ஆட்களை அனுப்பி, அந்தத் தெற்குக் கடலில் ஆலாக்களைத் தேடிப் பார்க்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அவ்ளோ தூரமா போவுது?” என்றாள் அம்மா. “பாவம், பயமா இருக்காது அதுக்கு?”

பேசுவதற்குப் படங்கள் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கோடுகளை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். முதலில் பறவைகள் கொண்டுவந்தவை. விடியலில் கோடு மெல்ல ஏறுகிறது. அந்தியில் ஒரு சரிவைப்போல மெல்ல இறங்குகிறது. அழகாக இருந்தது. பக்கத்தில் வைப்பதற்காக எங்கள் மாடியில் எடுத்தவற்றைத் திறந்தேன்.

அங்கே சரிவே இல்லை. மாலையில், சூரியன் இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், நல்ல வெளிச்சத்திலிருந்து முழு இருட்டுக்குக் கோடு சுவர்போல நேராக விழுந்திருந்தது. காலையிலும் விடிந்து முக்கால் மணி நேரம் கழித்து அதே போன்ற சுவர். எல்லா லாகர்களிலும் ஒரே நிமிடத்தில். பதினான்கு நாளும்.

 மலையின் நிழலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிழலில் இப்படி ஒரேயடியாக இருட்டாது. கருவிக் கோளாறாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாம் ஒன்றாகவா கெட்டுப்போகும்? அப்போது இன்னொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிவாக்கில், அந்த இருட்டுக்கு நடுவில், முள்ளைப்போல மெல்லிய ஒரு வெளிச்சம். ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு மறுபடி இருட்டு.

அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. கருவி வெகு சீக்கிரமே இருட்டு என்று சொல்லிவிடும் என்று கணிப்பொறி நம்பியிருக்கிறது. அதனால் பறவைகள் கொண்டுவந்த ஒவ்வொரு பகலையும் நீட்டிக்கொண்டது. மார்கழியில் பகல் நீளமாக இருக்கும் இடம் தெற்கே. ஆகவே பறவைகளைத் தெற்கே தள்ளிவிட்டது. கிழக்கு மேற்கு சரி. வடக்கு தெற்குதான் பொய்.

மாடியில் கிடைத்த எண்ணுக்குப் பதில், இந்த லாகர்களுக்கு வழக்கமான ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் மேலேறி வந்து மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் பக்கத்தில் நின்றன. அவை அதிக தூரம் போகவே இல்லை. கணிப்பொறியை மூடினேன். அறைக்கு வெளியே யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டபோது, என்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மாவைத் தொலைபேசியில் கேட்கத் தைரியம் இல்லை. மறுநாள் ஊருக்குப் பேருந்து ஏறினேன். வீட்டுக்குப் போனபோது அம்மா களையெடுப்பு முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா மணலூர்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்.

“இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற. வேல போயிட்ச்சா?”

“போவல. போன வருசம் மாடியில ஒரு பலக வச்சுட்டுப் போனேன்ல...”

“நான் ஒன்னும் தொடல.”

“நான் இன்னும் கேக்கவே இல்லியே.”

“தொடல. யார்னா எதுனா சொன்னாங்களா? உங்க அத்தக்காரி சொன்னாளா?”

“மா, தெனம் சாயங்காலம் அதுல சீக்கிரமே இருட்டாயிடுது. அப்புறம் எட்டு மணிக்கு ஒருவாட்டி வெளிச்சம் வருது. கொஞ்ச நேரம்தான்.”

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். “அது பாத்துக்கினு இருந்துச்சா? கேமரா கீதா அதுல?”

“கேமரா இல்லமா. வெளிச்சம் மட்டும்தான் அதுக்குத் தெரியும்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். “கொரங்குடி. நீ போன அன்னிக்கே சாயங்காலம் நாலு கொரங்கு வந்து பலகய மோந்து பாத்துக்கினு இருந்துச்சு. எனக்கு உசுரே போயிட்ச்சு. கல்ல எட்த்து வுட்டேன். அதுலேர்ந்து பொழுது சாயறதுக்குள்ள ஓடியாந்து எட்த்து உள்ள வச்சிடுவேன்.”

“உள்ளன்னா?”

“உன் சர்டிபிகேட்டு வச்சிருக்கற பொட்டில. அதவுட பத்திரமான எடம் இந்த வூட்ல எது? சோறு துன்னுட்டு ஒருவாட்டி தெறந்து எண்ணிப் பாத்துட்டு மூடுவேன். காலையில வெயில் வந்ததும் மேல வச்சுட்டு வேலைக்குப் போவேன்.”

“பகல்ல கொரங்கு வராதா?”

“அந்த வெயிலுக்கு மாடி எப்டி கொதிக்குது. கொரங்கு கால வெக்குமா?” கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு நாள்கூட நான் மறக்கல தெரியுமா? ஊரு கூழு ஊத்தற அன்னிக்குக்கூட பாதியில வுட்டுட்டு ஓடியாந்தேன்.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“கேட்டனே. ராத்திரிக்கும் இங்கியே கெடக்கணுமான்னு கேட்டேன். உனக்கு வெளங்காதுன்னு சொல்ட்டு பஸ்சு ஏறிட்ட.”

 அன்று அவள் கேட்டது என் காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்று இத்தனை நாள் என்னை நானே நம்ப வைத்திருக்கிறேன்.

“அந்தக் குருவிங்க செத்துட்ச்சா?” அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

“இல்லமா. நல்லாத்தான் கீது. நாங்கதான் வரபடத்துல தப்பான கடல்ல கொண்டுபோயி வச்சிட்டோம்.”

“அவ்ளோதானா? அப்ப எட்த்து சரியான எடத்துல வையேன்,” என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, “வேல போயிடுமா?” என்று கேட்டாள்.

“தெரியலமா.”

அலுவலகத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, மேடத்திடம் எல்லாவற்றையும் காட்டினேன். கோடுகளைப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் சுவர்போல விழும் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?”

“இல்ல மேடம்.”

பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “கூட்டம் முடியட்டும். அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்.”

“கப்பல் போகப் போறாங்கன்னு...”

“போகட்டும் பாப்போம். அதுக்குள்ள எவ்வளவோ நடக்கும். திட்டத்த நீட்டிக்கறதா வேண்டாமாங்கறது இந்தக் கூட்டத்துலதான்மா முடிவாகுது. இப்பப் போயி தப்புன்னு சொன்னா, அடுத்த வருஷம் நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்.” என்னைப் பார்க்காமலே சொன்னார். “இன்னொன்னு. உங்க அம்மா பொட்டியில வச்சுப் பூட்டினாங்கன்னு வெளிய தெரிஞ்சா எத்தன பேரு சிரிப்பாங்க? யோசிச்சுக்க.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்கள் சாத்திய கதவுக்கே போய்ப் போய் வந்ததை நான் பார்த்தேன். ஒரு பெரிய ஆள் பயந்து நான் பார்ப்பது அதுவே முதல்முறை. அது என் பயத்தைக் குறைக்கவில்லை. சாய்ந்துகொள்ள இருந்த சுவரும் ஆடுவதுபோல இருந்தது.

விடுதிக்குப் போய்ப் படுத்தேன். சாப்பிட முடியவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இரண்டு நாள் நினைத்தேன். யாரும் அந்தப் பழைய கோப்பைத் திறக்கப் போவதில்லை. ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் அச்சில் வரும். ஆனால் அம்மாவைப் பற்றி மேடம் சொன்ன வார்த்தை உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து அவளை நினைத்துச் சிரிக்கும் காட்சி வந்துகொண்டே இருந்தது. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் என்னை உறுத்தியது.

நேர்மை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் கை தூக்கி, மாடியில் எடுத்த கோடுகளைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் முதலில் வந்தது. இரண்டாவதாக, தெற்கே நடுக்கடலில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் நின்றுகொண்டு, ஆலாக்கள் ஒருபோதும் போகாத வானத்தை நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் நின்றது. அவர்களில் ஒருத்தி என்னைப்போலவே படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தவளாக இருக்கலாம்.

பறவைகளிலிருந்து கழற்றிய ஐந்து லாகர்களும் என் பொறுப்பில்தான் இருந்தன. எடுத்துப்போகிறேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று மேடம் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஊருக்கு வந்து, அளவை மறுபடி சரியாக எடுக்க, மாடியில் பலகையை வைத்தேன். மாலை ஐந்து மணிக்கெல்லாம் நானும் அம்மாவும் ஆளுக்கொரு குச்சியோடு மேலே ஏறிவிடுவோம். முதல் நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூரியன் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது. அது மெல்ல மெல்லக் குறைவதைத்தான் இது பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் பறவை எங்கே இருந்தது என்று சொல்கிறோம். அம்மா மலைக்கு மேலே சிவந்திருந்த இடத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப பகல் பூரா அது சும்மாதான் கெடக்குது. இந்த ஒரு நாழிதான் அதுக்கு வேல.”

“ஆமா.”

“அந்த ஒரு நாழியத்தான் நான் பொட்டில போட்டு மூடிட்டேன்.” என் பக்கம் திரும்பி, “இதுல வெளங்காததுக்கு இன்னாடி கீது?” என்றாள்.

 குரங்குகள் வந்தன, அம்மா குச்சியைத் தரையில் தட்டியதும் மதில் ஓரமாகவே போயின. சுற்றிலும் இருண்டபோது, இந்தக் கோடும் தப்பாக வந்துவிட்டால் என்று எனக்கு நடுக்கமாக இருந்தது. இருட்டுக்குள் பலகையை அப்படியே விட்டுவிட்டு இறங்குவது அம்மாவுக்கு நடுக்கமாக இருந்தது. இரண்டு படி இறங்கிவிட்டு மறுபடி ஏறி ஒரு முறை பார்த்துவிட்டு வந்தாள். பிறகும் மனம் கேட்காமல் பாயை எடுத்துக்கொண்டு போய் மாடியிலேயே படுத்தாள். விளக்கு மட்டும் கொண்டுபோகவில்லை.

பதினான்காம் நாள் கோடுகளைத் திறந்தேன். எல்லாமே சரிவுகள். ஐந்து பறவைகளும் மேலேறி வந்து, மாலத்தீவுப் பக்கமே நின்றன. கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

“அம்மா, நீ எட்த்து வச்சதயும் அங்க சொல்லணும். பேரு போட மாட்டேன். ஆனா கேக்கறவங்க சிரிச்சாலும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்,” என்றாள் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே. “கொரங்கு எட்த்துக்கினு போயிருந்தா இன்னும் ஜாஸ்தியா சிரிச்சிருப்பாங்க. உன்ன இன்னா செய்வாங்களோ, அதான் எனக்கு.”

கூட்டத்துக்கான படங்களை அனுப்பக் கடைசி நாள் அது. ஊரில் இணையம் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு வந்து, மலைமேல் கரியாலூர் போகும் பேருந்துகள் நிற்கும் பக்கத்தில் ஒரு சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்தேன். என் பேச்சின் முதல் படம் இரண்டு கோடுகள்; இடது பக்கம் சுவர், வலது பக்கம் சரிவு. அதன் கீழே, மாலையில் பலகையை வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்தார்கள் என்றும், இரவிலும் அது வெளியே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை என்றும், கோடுகளைச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாகச் சொன்னவள் நானே என்றும் எழுதியிருந்தேன். இரண்டாவது படம் பழைய வரைபடம், குறுக்கே கோடு போட்டு. மூன்றாவது புதியது. நான்காவதுதான் நனையாத கால்கள்.

கூட்டத்தை நடத்துபவர்களின் முகவரியை எழுதினேன். அதற்குக் கீழே மேடத்தின் முகவரியையும். விரல் வியர்த்து ஒருமுறை வழுக்கியது. துடைத்துக்கொண்டு அனுப்பினேன்.

மலைக்குப் போகும் பேருந்து கிளம்பியது. அது திருப்பத்தில் மறைவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் மேடம். நான்கு முறை அடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  எடுத்துக் காதில் வைத்து, “சொல்லுங்க மேடம்,” என்றேன்.